குறுக்கே வந்த கேள்வியைப் பின்தொடர்வது எப்படி: சரித்திரக் கதை எழுதுவோருக்கும் தூண்டில் பிடிப்போருக்கும்

சரித்திரக் கதை எழுதத் தொடங்குகிறவர்களில் பலர், ஆராய்ச்சி என்பது எழுத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டிய வேலை என்று நினைக்கிறார்கள். அரசர்களின் வரிசை, போர்கள் நடந்த ஆண்டுகள், நகரங்களின் பழைய பெயர்கள் ஆகியவற்றை மாதக்கணக்கில் திரட்டி வைத்துக்கொண்டு, பிறகுதான் முதல் அத்தியாயத்தில் கை வைக்கிறார்கள். அந்த உழைப்பு வீண் அல்ல. ஆனால் எழுதும்போது பேனா நின்றுபோவது அரசர்களின் வரிசையில் அல்ல. ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் தூண்டிலை வீசுகிறான் என்று எழுதிய மறுகணம், அவன் கையில் இருந்த நூல் எதனால் ஆனது என்று தோன்றுகிறதே, அங்கேதான் நின்றுபோகிறது. திட்டமிட்டுத் திரட்டிய குறிப்புகளில் அந்தக் கேள்விக்கு விடை இருக்காது.

எதிர்பாராமல் முளைக்கும் இத்தகைய கேள்விகளை எப்படிப் பிடித்து வைப்பது, எவ்வளவு தூரம் பின்தொடர்வது, கிடைத்ததைக் கதையிலும் கரையிலும் எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் புதியவர்களுக்குச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். கதை எழுதுவதையும் தூண்டில் பிடிப்பதையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் இரண்டையும் செய்து வருகிறேன். ஒன்றில் எழுந்த கேள்விக்கு மற்றொன்றில் விடை கிடைத்த அனுபவம் எனக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது. உங்களுக்குத் தூண்டிலுக்குப் பதிலாகத் தோட்டமோ நெசவோ பிடித்திருந்தாலும் வழிமுறை இதுவேதான்.

1. கேள்வியை உடனே குறித்து வையுங்கள். உடனே எழுந்து ஓடாதீர்கள்

சட்டைப் பையில் அடங்கும் ஒரு குறிப்பேடு போதும். கேள்வி தோன்றியதும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: கேள்வி என்ன, எந்த வரியை எழுதும்போது அல்லது எந்த இடத்தில் நிற்கும்போது அது தோன்றியது, அந்த நேரத்தில் நீங்கள் விடையாக ஊகித்தது என்ன. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊகத்தை எழுதி வைத்தால்தான், பிறகு உண்மை தெரியவரும்போது எங்கே தவறினோம் என்பதும், அந்தத் தவறு வேறு எந்தப் பக்கங்களில் ஒளிந்திருக்கக்கூடும் என்பதும் புலப்படும்.

கையெழுத்துப் பிரதியில் அந்த இடத்தில் ஒரு அடையாளம் இட்டுவிட்டு, தொடர்ந்து எழுதுங்கள். அன்றைய எழுத்து முடிந்த பிறகு குறிப்பேட்டை எடுத்து, கேள்விகளை இரண்டாகப் பிரியுங்கள். சில கேள்விகளின் விடை ஒரு சொல்லை மட்டும் மாற்றும். சிலவற்றின் விடை அங்கே என்ன நடக்கிறது என்பதையே மாற்றும். இரண்டாம் வகைக்கு முதலிடம் கொடுங்கள். முதல் தேடலுக்கு முக்கால் மணி நேரம் என்று வரம்பு வைத்துக்கொள்வது நல்லது.

2. கையில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி எவ்வளவு பரந்ததாக இருந்தாலும் அதை ஒரு பொருளாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். பதினேழாம் நூற்றாண்டு வாழ்க்கை என்று தேடினால் எங்கே இறங்குவது என்றே தெரியாது. தூண்டில் நூல் என்று தேடினால் போகும் வழி தெரியும். அந்தப் பொருள் எதனால் ஆனது, யார் செய்தார்கள், எவ்வளவு நாள் தாங்கும், எப்போது கைவிடும், அதற்கு முன்னால் எது இருந்தது என்று வரிசையாகக் கேளுங்கள்.

என் கதை ஒன்று 1660களின் இங்கிலாந்தில் நடக்கிறது. ஓர் இளைஞன் அந்தி நேரத்தில் ஆற்றில் பெரிய மீன் ஒன்றைத் தூண்டிலில் மாட்டுகிறான். மீன் இழுத்துக்கொண்டு ஓட, அவன் நூலைத் தளர்த்தி விட்டு, அது களைத்ததும் மீண்டும் சுற்றி இழுக்கிறான் என்று எழுதியிருந்தேன். அவன் நூல் எதனால் ஆனது என்ற சிறு கேள்வி அந்தக் காட்சியையே புரட்டிப் போட்டது.

இன்று நாம் தங்கூசி என்று சொல்லும் நைலான் நரம்பு அவனுக்குக் கிடையாது. வாலஸ் கரோதர்ஸ் தலைமையில் டூபாண்ட் நிறுவனத்து வேதியியலாளர்கள் நைலானை உருவாக்கியது 1935இல்; உலகுக்கு அறிவித்தது 1938இல். அதற்கு முன் ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் பல நூற்றாண்டுகளாக நம்பியிருந்தது குதிரைவால் மயிரை. வெஸ்ட்மின்ஸ்டரில் வின்கின் டி வோர்ட் 1496இல் அச்சிட்ட தூண்டில் கையேடு, எந்த மீனுக்கு எத்தனை மயிர்களைத் திரித்து நூலாக்க வேண்டும் என்றுகூடக் கணக்குச் சொல்கிறது: மிகச் சிறிய மின்னோ மீனுக்கு ஒற்றை மயிர், பெர்ச் மீனுக்கு 4, டிரௌட்டுக்கு 9, பெரிய டிரௌட்டுக்கு 12, சால்மனுக்கு 15. நீரின் நிறத்துக்கு ஏற்ப மயிருக்குச் சாயம் ஏற்றும் முறையும், தையல் ஊசியைச் சூடாக்கி வளைத்துத் தூண்டில் முள் செய்யும் முறையும் அதிலேயே இருக்கின்றன.

அந்தக் கையேடு சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. அதில் நூலைச் சுற்றி வைக்கும் ரீல் என்பதே இல்லை. நூல் கோலின் நுனியில் நேராகக் கட்டப்பட்டிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஆங்கிலப் புத்தகங்களில் நூல் சுற்றும் கருவி எட்டிப் பார்க்கிறது. அப்போதும் எளியவர்கள் கையில் அது இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் சீனத்தில், 1195ஆம் ஆண்டையொட்டி மா யுவான் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியம் ஒன்றில், குளிர்கால ஏரியில் சிறு படகில் குனிந்து அமர்ந்திருக்கும் தூண்டில்காரனின் கோலில் சிறு சக்கரம் ஒன்று தெளிவாகவே தெரிகிறது. ஒரு நாட்டில் இருந்த கருவி மற்றொரு நாட்டில் நானூறு ஆண்டுகள் கழித்தும் அரிதாக இருக்கலாம் என்பதை நான் அந்த ஓவியத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

ஆக, என் இளைஞனால் நூலைத் தளர்த்தவே முடியாது. அவனிடம் இருப்பவை கோலின் வளைவு, கைகளின் நீளம், கால்கள் ஆகியவை மட்டுமே. மீன் ஓடினால் அவனும் கரையோடு ஓட வேண்டும். ஓட இடமில்லாவிட்டால் கோலையே ஆற்றில் எறிந்துவிட்டு, மீன் அதை இழுத்துக் களைத்தபின் போய் எடுக்க வேண்டும். அக்காலத் தூண்டில்காரர்கள் உண்மையிலேயே அப்படிச் செய்திருக்கிறார்கள். நான் கற்பனை செய்ததைவிட அது எவ்வளவோ உயிருள்ள காட்சி. முட்புதரில் கால் கிழிய ஓடும் இளைஞனை ஒரு பெண் எதிர்க்கரையிலிருந்து பார்க்கிறாள் என்ற அடுத்த திருப்பம் அதிலிருந்து தானாகவே வந்தது.

3. தேடியதற்குப் பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள்

தேடுபொறி நாம் கேட்டதை மட்டுமே தரும். கேட்கத் தெரியாததைத் தருவது நூலகத்தின் அலமாரி. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வைக்கும் டியூயி முறையில் அடுக்கப்பட்ட நூலகத்தில் மீன்பிடிப்பு 799 என்ற எண்ணின் கீழ் வருகிறது; அது முடிந்ததும் 800இல் இலக்கியம் தொடங்குகிறது. தூண்டில் பற்றிய புத்தகங்களின் கடைசி வரிசைக்கும் இலக்கியத்தின் முதல் வரிசைக்கும் இடையே பல நூலகங்களில் ஒரு பலகைதான் தடுப்பு. வேண்டிய நூலை எடுத்த பிறகு, அதற்கு இருபுறமும் உள்ள ஐந்து நூல்களின் பொருளடக்கத்தையாவது புரட்டிப் பாருங்கள். பழைய செய்தித்தாளைப் பார்த்தால், தேடிய செய்தியோடு நிற்காமல் அந்தப் பக்கம் முழுவதையும் படியுங்கள். விளம்பரங்களிலும் காணாமல்போன பொருள்களின் அறிவிப்புகளிலும் அன்றாட வாழ்க்கை கொட்டிக் கிடக்கும்.

சாமுவேல் பீப்ஸ் இங்கிலாந்துக் கடற்படை நிர்வாகத்தில் பணியாற்றியவர். 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதியவர். கடற்படைக்காகவும் லண்டன் பெருந்தீக்காகவும் அவரைப் படிப்பவர்கள் பலர். ஆனால் 1667 மார்ச் 18ஆம் தேதிக் குறிப்பில், தன் வீட்டுப் பையனுக்கு லூட் என்ற நரம்பு வாத்தியம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் சொன்ன ஒரு ரகசியத்தை அவர் ஆர்வத்தோடு எழுதி வைத்திருக்கிறார். விலங்கின் குடலால் ஆன வாத்தியத்தின் மெல்லிய நரம்புக்கு மெருகெண்ணெய் பூசித் தூண்டிலில் கட்டினால், அது நீரில் ஊதாது. மயிரைவிட மெல்லியதாகவும் வலுவாகவும் இருக்கும் என்பதே அந்த ரகசியம். தூண்டில் நூலின் வரலாற்றில் ஒரு முக்கியமான திருப்பம் ஓர் இசையாசிரியரின் பேச்சு வழியாக, கடற்படை அதிகாரி ஒருவரின் நாட்குறிப்புக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. மீன்பிடிப்பு என்ற தலைப்பின் கீழ் மட்டும் தேடுகிறவர் இதைத் தவறவிடக்கூடும்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் அகநானூற்றின் 36ஆம் பாட்டு. தலையாலங்கானப் போரைப் பற்றிக் கதை எழுத விரும்பும் எவரும் நக்கீரரின் அந்தப் பாட்டுக்குப் போயே ஆக வேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்து நின்றவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஆனால் பாட்டு தொடங்குவது போரில் அல்ல, ஒரு குளத்தில். வரிகள் உடைய பெரிய வரால் ஒன்று வளைந்த இரும்பில் கோத்த இரையை விழுங்குகிறது. உடனே ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூக்கள் சிதறப் பாய்ந்தெழுந்து, வள்ளைக் கொடிகளைச் சிக்கலாக்கி, தூண்டில் வேட்டுவன் இழுத்தும் வராமல், கயிறு கட்டப்பட்ட சினங்கொண்ட காளையைப் போல அந்தக் காலைநேரக் குளத்தைக் கலக்குகிறது.

போரைத் தேடிப் போனவருக்கு எத்தனை செய்திகள் கிடைக்கின்றன என்று பாருங்கள். தூண்டில் முள் இரும்பால் ஆனது. அதைப் பிடிப்பவனை வேட்டுவன் என்றே அழைத்திருக்கிறார்கள். நேரம் காலை. குளத்தில் ஆம்பலும் குவளையும் வள்ளையும் ஒன்றாகப் படர்ந்திருக்கின்றன. தூண்டில் பிடிப்பவருக்கும் இதில் நேரடிப் பாடம் உண்டு: வரால் மாட்டியதும் செடிகொடிகளுக்குள் பாய்ந்து நூலைச் சிக்க வைக்கும், ஆகவே அடர்ந்த நீர்ச்செடிகள் உள்ள இடத்தில் மெல்லிய நரம்பு உதவாது, மாட்டிய கணத்திலேயே அதன் தலையைத் திறந்த நீர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இதைச் சொன்னவர் குளக்கரையில் நின்று பார்த்திருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

தேடாததைக் கண்டடையும் இந்தப் பேற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லை உருவாக்கியவர் ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல். 1754 ஜனவரி 28ஆம் தேதியிட்ட கடிதம் ஒன்றில் செரண்டிப்பிட்டி என்று எழுதினார். இலங்கையின் பழைய பெயர்களுள் ஒன்றான செரந்தீப்பின் இளவரசர்கள் மூவரைப் பற்றிய கதையிலிருந்து அதை எடுத்ததாக அவரே விளக்குகிறார். அந்த இளவரசர்கள் தற்செயலோடு கூர்மையான கவனத்தையும் கொண்டு கண்டடைந்தவர்கள் என்பதை அவர் அழுத்திச் சொல்வது நினைவில் கொள்ளத்தக்கது.

4. தேதி தெரிந்தால் நிலவையும் நீரையும் கணக்கிடுங்கள்

தூண்டில் பிடிப்பவர்கள் பிறையைப் பார்த்தே பழகியவர்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும்; அரைநிலவு நாட்களில் ஏற்றமும் இறக்கமும் அடங்கியிருக்கும். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடங்கள். அதனால் இன்றைய நேரம் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த எளிய அறிவு சரித்திரக் கதைக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு ஜூலியஸ் சீசர் எழுதி வைத்ததே சான்று. கி.மு. 55இல் அவர் பிரிட்டனில் இறங்கிய சில நாட்களில் பௌர்ணமி வந்தது. அந்த இரவில் பெருங்கடல் மிகுதியாக ஏறும் என்பது தம் வீரர்களுக்குத் தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஏற்ற இறக்கம் மிகக் குறைவான மத்தியதரைக்கடலில் பழகியவர்கள் அவர்கள். கரையில் இழுத்து வைத்திருந்த போர்க்கப்பல்களில் நீர் நிரம்பியது. நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பல்களைப் புயல் மோதி நொறுக்கியது. கரையோரத்துச் சிறுவன் ஒருவன் அன்று மாலை கப்பல்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தே இரவில் நடக்கப்போவதைச் சொல்லியிருப்பான். அந்தச் சிறுவன் ஒரு நாவலுக்குப் போதுமானவன்.

நிலவைப் பொறுத்தவரை சில விதிகளை மனப்பாடம் செய்துகொண்டால் பெரும் பிழைகள் நேரா. பௌர்ணமி நிலவு சூரியன் மறையும் நேரத்தில் எழும். வளர்பிறை அரைநிலவு நள்ளிரவை ஒட்டி மறையும். தேய்பிறை அரைநிலவு நள்ளிரவை ஒட்டித்தான் எழும். மெல்லிய வளர்பிறை நள்ளிரவில் தலைக்கு மேல் ஒளிர்ந்தது என்று எழுதினால், அது எந்த நூற்றாண்டிலும் நடக்காத செயல். பிறைச் சுழற்சி சராசரியாக 29.53 நாள்; 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே தேதியில் அதே பிறை திரும்பும்.

பழைய ஐரோப்பியத் தேதிகளில் ஒரு பள்ளம் இருக்கிறது. கத்தோலிக்க நாடுகள் சில 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று மாற்றிக்கொண்டன; பிரிட்டனோ 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 ஆக்கும்வரை பழைய நாட்காட்டியிலேயே இருந்தது. ஆகவே பீப்ஸின் மார்ச் 18 நம் கணக்கில் மார்ச் 28 ஆகும். அதோடு, அங்கே அன்று சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல் என்பதால், அதே நாளில் எழுதப்பட்ட ஆவணம் 1666 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கலாம். இந்தப் பத்து நாளைக் கூட்டாமல் பிறை பார்த்தால் பௌர்ணமி இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு வந்து சேரும்.

5. கையால் செய்து பாருங்கள்

படித்ததில் ஒரு பகுதியையாவது உடம்பால் அறிய முயலுங்கள். பட்டுப்புழுவின் உடலிலிருந்து எடுத்த நரம்பு, நைலான் வரும்வரை தூண்டில் நுனியில் பரவலாகப் பயன்பட்டது. உலர்ந்தால் அது ஒடிந்துவிடும். கட்டுவதற்கு முன் ஊற வைத்தே ஆக வேண்டும். அதனால் ஈரம் காக்கும் சிறு டப்பாக்களில் அதை வைத்திருந்தார்கள். ஊறும்வரை காத்திருக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்கள் ஒரு பாத்திரத்தின் பொறுமையைக் காட்டப் போதும்.

உங்களிடம் பட்டு நரம்பு இராது. நைலானிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே நரம்பிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி, ஒன்றில் முடிச்சை உலர்ந்த நிலையில் இறுக்குங்கள். மற்றொன்றை நீரில் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காலிக் குடத்தை ஒவ்வொன்றிலும் தொங்கவிட்டு, அளந்து அளந்து நீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. உலர்ந்த முடிச்சு உராய்வின் சூட்டால் பலமிழந்து பெரும்பாலும் முன்னதாக அறுந்துவிடும். இதைக் கண்ணால் பார்த்தவர் முடிச்சை நாவால் நனைத்து இறுக்கும் தூண்டில்காரனை எழுதும்போது, அந்தச் செயலில் ஒரு நிச்சயம் இருக்கும்.

கரையில் செய்து பார்க்க வேண்டிய மற்றொன்று, குனிந்து நெருங்குவது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், அமைதியான நீரில் உள்ள மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரிகிறது. நிமிர்ந்து நிற்பவன் அந்த வட்டத்துக்குள் தெளிவாக வந்துவிடுகிறான். தாழ்ந்து, விளிம்பிலிருந்து விலகி இருப்பவன் அதன் ஓரத்தில் நசுங்கி மங்கிவிடுகிறான். முழங்காலிட்டு வீசிப் பழகிய பிறகு, ஒளிந்து நெருங்கும் ஒற்றனை எழுதுவதும் எனக்கு எளிதானது.

6. சரிபாருங்கள்

ஒரே செய்தி பத்து இடங்களில் இருப்பது பத்துச் சான்றுகள் ஆகாது; பத்தும் ஒன்றிலிருந்தே எடுத்தவையாக இருக்கலாம். மேலே சொன்ன 1496ஆம் ஆண்டுக் கையேட்டை ஜூலியானா பெர்னர்ஸ் என்ற துறவி எழுதினார் என்று எண்ணற்ற நூல்கள் சொல்கின்றன. அது வேட்டையையும் சேர்த்துச் சொல்லும் ஒரு தொகுப்பின் பகுதி; ஆனால் அந்தத் தூண்டில் பகுதியில் ஆசிரியர் பெயரே இல்லை. அந்தப் பெயர் அதற்கு முன் 1486இல் வந்த பதிப்பில் வேட்டைப் பகுதியோடு சேர்ந்தது. இத்தகைய இடங்களில் மூல நூலின் பக்கத்தையே பார்ப்பது தவிர வேறு வழி இல்லை.

7. எதைக் கதைக்குள் விடுவது

கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அனைத்தையும் கொட்டிவிடத் தோன்றும். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: அந்தச் செய்தி பாத்திரத்தின் கைக்கு அல்லது அச்சத்துக்குத் தேவைப்படுகிறதா? சால்மனுக்கு 15 மயிர் என்பதை ஆசிரியர் குரலில் சொன்னால் அது தகவல். ஒன்பது மயிர் நூலோடு வந்தவனின் தூண்டிலில் சால்மன் மாட்டிக்கொண்டால், அது கதை. வாசகருக்கு எண்ணிக்கைகூடத் தேவையில்லை. நூல் முறுக்கவிழ்ந்து, மயிர்கள் ஒவ்வொன்றாக விடும் ஓசை போதும். மீதியைக் குறிப்பேட்டிலேயே விட்டுவையுங்கள். வேறொரு கதைக்கு அது தேவைப்படும்.

8. கரைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி

புதிதாகத் தூண்டில் எடுப்பவர்கள் முதலில் அந்த நீர்நிலையின் அனுமதி, தடைக்காலம், பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு ஆகியவற்றைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இன்று தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே உள்ள ஆழத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது, அடுத்த முறை இரையை மட்டும் மாற்றுவது என்று போனால், எதனால் மீன் கடித்தது என்பது தெரியும். நேரம், காற்றின் திசை, நீரின் நிறம், பிறை, கடல் ஏற்றமா இறக்கமா, உண்ணப் பிடித்த மீனின் வயிற்றில் இருந்தது என்ன என்பவற்றை அங்கேயே குறியுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் பாதி மறந்திருக்கும்.

குறிப்பேட்டின் வலப்பக்கத்தைக் கரைக்கும் இடப்பக்கத்தைக் கதைக்கும் ஒதுக்குவது என் வழக்கம். மீன் கடிக்காத நீண்ட நேரங்களில் இடப்பக்கம் தானாக நிரம்புகிறது: ஈரக் கயிறு உள்ளங்கையில் எங்கே எரிகிறது, இருட்டும்போது எந்த நிறம் கண்ணிலிருந்து முதலில் மறைகிறது, எதிர்க்கரையில் பேசுபவரின் சொற்கள் நீரின்மேல் எவ்வளவு தெளிவாக வருகின்றன. மாதம் ஒருமுறை இரு பக்கங்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். விடை கிடைக்காத கேள்வி ஏதேனும் மூன்று மாதங்களாக அப்படியே நின்றால், அதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கி நூலகத்துக்குப் போங்கள். எடுக்கப்போகும் நூலுக்கு இருபுறமும் உள்ள ஐந்து நூல்களைப் புரட்டவும் அந்த நாளில் நேரம் இருக்கட்டும்.